கேலரிப் பார்வை – 17: ஐந்து பேர், ஐந்து ஊர்

2019இல் ராஞ்சியில் விராட் கோலி கேட்ட ஐந்து நிரந்தர டெஸ்ட் மைதானங்களில் போன வாரம் நிறுத்தினேன். அதற்கு முந்தைய கதை வேண்டுமென்பவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள், இங்கே இடமில்லை.

இந்த வாரம் சேப்பாக்கத்தின் பொங்கல் டெஸ்ட் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எழுதத்தான் பழைய ஸ்கோர் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் மாட்டியது வேறு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பக்கம் போயாக வேண்டும் என்று உதவி ஆசிரியர் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார். அதனால் மாட்டியதையே எழுதுகிறேன்.

1958-59இல் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்து ஐந்து டெஸ்ட் ஆடியது. பம்பாய், கான்பூர், கல்கத்தா, மெட்ராஸ், டெல்லி. 1961-62இல் இங்கிலாந்து வந்தது. பம்பாய், கான்பூர், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ். 1963-64இல் மறுபடியும் இங்கிலாந்து. மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, டெல்லி, கான்பூர். 1969இல் ஆஸ்திரேலியா வந்தபோதும் இதே ஊர்கள்தான், 1972-73இல் இங்கிலாந்து வந்தபோதும் இதே ஊர்கள்தான். ஐந்து டெஸ்ட் தொடர் என்றால் வரிசை மாறும், ஊர் மாறாது.

இப்போது மண்டலக் கணக்குக்கு வாருங்கள். இந்திய கிரிக்கெட்டில் அன்று மேற்கு, வடக்கு, கிழக்கு, தெற்கு, மத்தி என்று ஐந்து மண்டலங்கள். தேர்வுக்குழுவில் மண்டலத்துக்கு ஒருவர் என்பதுதான் பல்லாண்டு நடைமுறையாக இருந்தது. பம்பாய் மேற்கு, டெல்லி வடக்கு, கல்கத்தா கிழக்கு, மெட்ராஸ் தெற்கு. பெங்களூரும் ஹைதராபாத்தும் இருக்கும்போது கான்பூருக்கு எப்படி இந்தத் தொடர்களில் விடாமல் டெஸ்ட் கிடைத்தது என்று சின்ன வயதில் எனக்கு ஒரே புதிராக இருக்கும். கான்பூர் மத்திய மண்டலம். தேர்வு அறையில் ஐந்து நாற்காலி, வெளியே ஐந்து மைதானம். இரண்டும் ஒரே பாகப்பிரிவினையின் இரண்டு பத்திரங்கள்.

ஆக, கோலி கேட்டது புதிதல்ல. நம் அப்பா காலத்தில் கேட்காமலே அது இருந்தது. 1974-75இல் கிளைவ் லாயிடின் வெஸ்ட் இண்டீஸ் அணி வந்தபோது பெங்களூர் உள்ளே வந்தது, கான்பூர் வெளியே நின்றது. கட்டு அங்கே தளர்ந்தது. ஆனால் கோலி கேட்டதற்கும் அன்று இருந்ததற்கும் காரணம் வேறு. எதிரணி இந்தியாவுக்கு வந்தால் எந்தெந்த மைதானம், எந்த மாதிரி பிட்ச், எப்படிப்பட்ட கூட்டம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றார் கோலி. அன்றைய ஐந்து ஊர் ஆட்டத்துக்காகப் பார்த்து எடுத்த முடிவாக எனக்குத் தோன்றவில்லை. பங்கு பிரிக்கும்போது விழுந்த கணக்கு அது. பங்கு பிரிக்கும் இடத்தில் மனத்தாங்கலும் இருக்கும். அது எப்படி வெடித்தது என்பதற்கு 1969 நவம்பர், பம்பாய் பிரபோர்ன் ஸ்டேடியம்.

பில் லாரியின் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக முதல் டெஸ்ட். இந்திய அணியை அறிவித்தார்கள். வெங்கட்ராகவன் பெயர் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோதே, பத்தொன்பது வயதில், டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், மொத்தம் 12 விக்கெட் எடுத்தவர். அவரை விட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகள் எழுதின, ரசிகர்கள் கொதித்தார்கள். கடைசி நேரத்தில் வெங்கட் சேர்க்கப்பட்டார். அதற்காக ஒருவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் வங்காளத்தின் வேகப்பந்து வீச்சாளர் சுப்ரதா குஹா.

தெற்கில் நமக்கு வெங்கட் கதை மட்டும்தான் தெரியும். அநியாயம் நடந்தது, குரல் கொடுத்தோம், நியாயம் கிடைத்தது என்று சொல்லிக்கொள்வோம். அந்த நியாயத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. குஹா யார் என்று தேடிப் போனேன். இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த சமாச்சாரம் அங்கேதான் கிடைத்தது.

1966 டிசம்பர், இந்தூர். கேரி சோபர்ஸ் தலைமையில் வெஸ்ட் இண்டீஸ் சுற்றுப்பயணத்தில் இருந்த சமயம். டெஸ்ட்களுக்கு நடுவே மத்திய, கிழக்கு மண்டலங்களின் கூட்டு அணியோடு ஒரு ஆட்டம். வந்தவர்களுக்கு அது கைகால் நீட்டிக்கொள்ளும் ஆட்டம், அவ்வளவுதான். கூட்டு அணிக்கு ஹனுமந்த் சிங் கேப்டன். முதல் இன்னிங்ஸில் வெஸ்ட் இண்டீஸ் 136 ரன்னுக்குச் சுருண்டது. கூட்டு அணி 283. இரண்டாம் இன்னிங்ஸில் வெஸ்ட் இண்டீஸ் 103. இன்னிங்ஸும் 44 ரன்னும் வித்தியாசத்தில் தோல்வி! உலகத்தையே அடித்துக்கொண்டிருந்த அணியை மண்டல அணி ஒன்று இன்னிங்ஸ் தோல்விக்கு ஆளாக்கியது. குஹா முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 4, இரண்டாவதில் 49 ரன்னுக்கு 7. மொத்தம் 11.

நிற்க. மறுமுனையில் பந்து வீசியவர் யார் என்று பாருங்கள். முதல் இன்னிங்ஸில் 47 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 50 ரன்னுக்கு 3. பெயர் சுனி கோஸ்வாமி. எந்த சுனி கோஸ்வாமி? 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று தோற்கடித்து, தங்கம் வாங்கிக்கொண்டு வந்த அதே சுனி கோஸ்வாமி. மோகன் பகானின் முன்கள நட்சத்திரம். விழுந்த இருபது விக்கெட்டில் பத்தொன்பதை ஒரு கால்பந்து கேப்டனும், பின்னால் வெங்கட்டுக்கு வழிவிடப்போகும் ஒருவரும் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஸ்கோர் விவரத்தில் பந்து வீச்சு வரிகளை வைத்துக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். பொருந்தத்தான் செய்கிறது.

சுனி அதோடு கிரிக்கெட்டை விடவில்லை. வங்காள அணிக்குத் தலைமை ஏற்று 1971-72 ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். பம்பாயிடம் தோற்றார்கள். அந்தக் காலத்தில் பம்பாயிடம் தோற்பதெல்லாம் செய்தியே அல்ல. சந்தோஷ் டிராஃபியிலும் ரஞ்சிக் கோப்பையிலும் வங்காளத்துக்கு ஆடிய மனிதரைப் பற்றித் தனியாக ஒரு தொடர் எழுதலாம். ஆசிரியர் முகம் சுளிப்பார்.

இந்தூருக்கு வருகிறேன். இப்பேர்ப்பட்ட ஆட்டத்தைப் பார்த்த ஊருக்கு முதல் டெஸ்ட் எப்போது கிடைத்தது? 2016 அக்டோபரில், நியூசிலாந்துக்கு எதிராக. இடையில் ஏறக்குறைய ஐம்பது வருஷம். அதிலும் 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் மூன்றாம் நாளே முடிந்து, பிட்ச் மோசம் என்று ஐசிசி நடுவர் மதிப்பெண் போட்டு, மேல்முறையீட்டில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.

சரி, பிரபோர்ன். எதிர்ப்புக்குப் பிறகு அணிக்குள் வந்த வெங்கட், நான்காம் நாள் இரண்டாம் இன்னிங்ஸில் வடேகரோடு ஆடிக்கொண்டிருந்தார். இந்தியா ஏழு விக்கெட் இழந்து தத்தளித்த நேரம். கானலி வீசிய பந்து, கீப்பர் டேபர் பிடித்தார், அம்பயர் கையைத் தூக்கினார். அது அவுட் இல்லை என்று வானொலி வர்ணனையில் சொல்லிவிட்டார்கள். கேலரி முழுக்க டிரான்சிஸ்டர். மாட்டுங்காவில் குடியிருந்த என் பெரியப்பா அன்று ஈஸ்ட் ஸ்டாண்டில் இருந்தவர். "அம்பயர் கையைத் தூக்கினப்போ எங்களுக்கு அது அவுட்டாத்தான் தெரிஞ்சுதுடா. பக்கத்துல ஒருத்தன் டிரான்சிஸ்டரைக் காதுல வெச்சுண்டு, நாட் அவுட்டாம், நாட் அவுட்டாம்னு எழுந்து நின்னான். அதுக்கப்புறம் யாருக்குமே அவுட்டாத் தெரியலை" என்பார். பாட்டில் பறந்தது. நாற்காலிகள் எரிந்தன. புகை எழுந்தது. லாரி ஆட்டத்தை நிறுத்த ஒப்பவில்லை. அடுத்து வந்த பிரசன்னா புகைக்கு நடுவே பேட் பிடித்தார். மறுநாள் ஆஸ்திரேலியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

மெட்ராஸ் பையன் ஒருவனுக்காகப் பம்பாய் மைதானத்தைப் பம்பாய்க்காரர்கள் எரித்தார்கள் என்று சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாதபடிக்கு அதே தொடர் கல்கத்தா போனது. ஈடன் கார்டனில் டிக்கெட் வரிசை நெரிசலில் ஆறு பேர் செத்தார்கள். ஐந்து ஊர், ஐந்து டெஸ்ட் என்றால், ஒவ்வோர் ஊரும் வருஷக்கணக்காகக் காத்திருந்து ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறது என்று அர்த்தம். பழைய ஏற்பாட்டுக்கு நான் பொன்முலாம் பூசப் போவதில்லை.

ஆனாலும் இன்றைய ஏற்பாட்டைப் பாருங்கள். சுழற்சி முறையில் டெஸ்ட் போகிற மைதானங்கள் இந்தியாவில் ஏராளம். ஈடன் கார்டனில் 2019 நவம்பரில் இளஞ்சிவப்புப் பந்து டெஸ்ட் நடந்தது. அடுத்தது 2025 நவம்பரில். ஆறு வருஷ இடைவெளி. அவ்வளவு காத்திருந்த ஊருக்கு என்ன கிடைத்தது? தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று நாளில் முடிந்த ஆட்டம். ஆடும் பதினொருவரில் நான்கு சுழல் பந்து வீச்சாளர்கள். சாய் சுதர்சனை வெளியே உட்காரவைத்து, வாஷிங்டன் சுந்தரை மூன்றாம் இடத்தில் இறக்கினார்கள். கேப்டன் கில் கழுத்து வலியோடு போய்விட்டார். 124 ரன் எடுத்தால் வெற்றி. 93க்கு முடிந்தது. அந்த 93இல் 31 வாஷிங்டனுடையது. கேட்டபடிதான் பிட்ச் கிடைத்தது என்று பயிற்சியாளர் கம்பீரே சொன்னார்.

ஒரு வாரம் கழித்து குவஹாட்டி. அந்த ஊருக்கு முதல் டெஸ்ட். கிழக்கில் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதால் காலை ஒன்பதுக்கே ஆட்டம் தொடங்கி, பதினொரு மணிக்கு டீ, அதன் பிறகு லஞ்ச் என்று வைத்தார்கள். தேநீர் முன்னே, சாப்பாடு பின்னே. இதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுத எனக்கு ஆசை. இப்போது சாய் சுதர்சன் மறுபடி மூன்றாம் இடத்துக்கு வந்தார். வாஷிங்டன் எட்டாம் இடத்துக்குப் போனார். தென் ஆப்பிரிக்க அணியில் தமிழ் வம்சாவளி செனுரன் முத்துசாமி 109 அடித்தார். மார்க்ரம் அந்த ஒரே ஆட்டத்தில் ஒன்பது கேட்ச் பிடித்தார். இந்தியா 408 ரன்னில் தோற்றது. ரன் கணக்கில் நமக்கு அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

ஊர் மாறினால் வாஷிங்டன் மூன்றிலிருந்து எட்டுக்குப் போகிறார். நேற்று வெளியே உட்கார்ந்த சாய் இன்று மூன்றாவதாக இறங்குகிறார். ஒரு பையனை நம்பி அந்த இடத்தைக் கொடுத்தார்களா, அந்த மைதானத்துக்கு மட்டும் கடன் வாங்கினார்களா என்று அவனுக்கே தெரியாது. இதைத்தான் பதினேழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: டெஸ்ட் எந்த ஊரில் என்று முடிவாகும்போதே அணியில் பாதி முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுக்கிறவர்கள் தேர்வுக்குழுவில் இல்லை. அட்டவணைக்கு வாரியமும் பிட்சுக்கு அணி நிர்வாகமும் முடிவெடுத்த பிறகு, மிச்சமிருக்கும் கேள்விக்குத்தான் அஜித் அகர்கரும் மற்ற நால்வரும் விடை தேடுகிறார்கள். திட்டு மட்டும் முழுசாக அவர்களுக்குக் கிடைக்கிறது.

என் தீர்ப்பு இது. வருஷத்துக்கு இரண்டு டெஸ்ட் தொடர் இங்கே நடக்கிறது என்றால், மூன்று நான்கு ஊர்கள் நிரந்தரமாக இருக்கட்டும். ஒரே ஓர் ஆட்டம் சுழலட்டும். அது குவஹாட்டிக்கும் இந்தூருக்கும் ராஞ்சிக்கும் மாறி மாறிப் போகட்டும். நிரந்தர ஊர்களில் பிட்ச் எப்படி இருக்கும் என்பது தேர்வாளருக்கும் தெரியும், ரஞ்சி ஆடுகிற பையனுக்கும் தெரியும். எந்த நான்கு ஊர் என்று கேட்டால் அடிதடி வரும். என் பட்டியலின் முதல் பெயரை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அதற்கான நியாயங்கள் பொங்கல் டெஸ்ட்டில் இருக்கின்றன. 1988 பொங்கல் சமயத்தில் ஹிர்வானி 16 விக்கெட் எடுத்ததும், கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங் செய்ததும் அதில் ஒரு துணுக்குத்தான்.

வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தார். பிறகு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு 73 டெஸ்ட்டுக்கு அம்பயராக நின்றார். 1969இல் இன்னோர் அம்பயரின் கை தூக்கலுக்காக எரிந்த மைதானத்தின் நடுவிலிருந்து நடந்து வெளியேறிய அதே ஆள். சுப்ரதா குஹாவுக்கு அந்தத் தொடரிலேயே பின்னால் வாய்ப்பு கொடுத்தார்கள். மொத்தம் நான்கு டெஸ்ட், மூன்று விக்கெட்.

அடுத்த வாரம் நிச்சயம் சேப்பாக்கம். பொங்கல் டெஸ்ட் டிக்கெட்டின் கிழிந்த பாதியை இன்னும் பெட்டியில் வைத்திருப்பவர்கள், எந்த கேட், எந்த ஸ்டாண்ட், யார் ஆடினார்கள் என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். திங்கட்கிழமைக்குள் வந்து சேர்ந்தால் அந்தப் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.