4,000 கன அடி காற்றுக்கு ஒரு கணக்கு

ஏ.சி.யின் திறனை டன்னில் சொல்கிறோம். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் திறன். அந்தக் குளிர்ச்சியை அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்று. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. இதைத்தான் சி.எஃப்.எம். என்கிறார்கள். எத்தனை டன் வாங்கினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் எவ்வளவு எந்த அறைக்குப் போகிறது என்பது ஏர் பேலன்சிங் டெக்னீஷியன் அளந்து சொன்னால்தான் தெரியும்.

வரவு: பத்து டிஃப்யூசர்கள்

கணக்குக்காக ஓர் அலுவலகத் தளத்தை எடுத்துக்கொள்வோம். 10 டன் ஏ.எச்.யு. (ஃபேனும் குளிர்சுருளும் உள்ள காற்றுப் பெட்டி), மொத்தம் 4,000 சி.எஃப்.எம்., டக்ட் எனும் காற்றுக் குழாயின் வழியில் அறைக்கு ஒன்றாகப் பத்து டிஃப்யூசர்கள், அதாவது காற்று இறங்கும் வாய்கள். வடிவமைப்புப்படி ஒவ்வொன்றுக்கும் 400. காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடுகளான டேம்பர்கள் எல்லாம் முழுதாகத் திறந்திருக்கும்போது, ஃபேனுக்கு அருகிலிருந்து கடைசி வரை அளந்தால் கிடைப்பது:

560, 520, 480, 450, 420, 380, 350, 320, 280, 240.

கூட்டினால் சரியாக 4,000. மொத்தத்தில் குறையே இல்லை, பங்கீட்டில்தான் குறை. முதல் அறைக்கு 140 சதவீதம், கடைசி அறைக்கு 60 சதவீதம். அறைக்கும் வரும் காற்றுக்கும் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் என்றால், 400 சி.எஃப்.எம். மணிக்கு 8,640 பி.டி.யு. வெப்பத்தை எடுக்கும் (1.08 × 400 × 20). கடைசி அறையில் எடுக்கப்படுவது 5,184 மட்டுமே. முதல் அறையில் இருப்பவர் சால்வை போர்த்திக்கொள்வார், கடைசி அறையில் இருப்பவர் மேசை விசிறி வாங்குவார்.

வீண் செலவு: ஃபேனை முடுக்கினால்

புகார் வந்ததும் பல இடங்களில் ஃபேன் வேகத்தைக் கூட்டுகிறார்கள். அதே டக்ட்டில் வேகம் கூடினால் காற்று அதே விகிதத்தில் கூடும். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கும், மின்சக்தி மும்மடிக்கும் ஏறும்.

- வேகம்: 10 சதவீதம் கூடுதல்
- கடைசி அறை: 240-லிருந்து 264 (கூடியது 24)
- முதல் அறை: 560-லிருந்து 616 (கூடியது 56)
- மின்சக்தி: 1.331 மடங்கு. 2.2 கிலோவாட் எடுத்த மோட்டார் இனி 2.93 எடுக்கும்
- ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வருடத்தில் 300 நாள்: கூடுதலாகச் சுமார் 2,184 யூனிட்
- யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்: வருடத்துக்கு 17,472 ரூபாய்

இவ்வளவு கொடுத்தும் கடைசி அறைக்கு 66 சதவீதம்தான். அதற்கு முழு 400 வேண்டுமென்றால் வேகம் 1.67 மடங்கு, மின்சக்தி 4.6 மடங்கு ஆக வேண்டும். இருக்கும் மோட்டார் அதைத் தாங்காது.

சரியான செலவு: டேம்பரைத் திருப்பினால்

நல்ல டெக்னீஷியன் மிகக் குறைவாக வாங்கும் டிஃப்யூசரை முதலில் தேடுகிறார்; இங்கே அது பத்தாவது. அதன் டேம்பரை முழுதாகத் திறந்தே விடுகிறார். ஒன்பதாவதைக் குறைத்து, இரண்டும் ஒரே சதவீதத்தில் நிற்கும்படி செய்கிறார். பிறகு எட்டாவது, ஏழாவது என்று ஃபேனை நோக்கி வருகிறார். ஒவ்வொன்றையும் குறைக்கும்போது காற்று கடைசிப் பக்கம் நகர்கிறது, அதனால் கடைசி டிஃப்யூசரை மீண்டும் மீண்டும் அளந்தாக வேண்டும். டேம்பர்கள் தடுப்பதால் மொத்தம் 3,800-க்கு இறங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் 380, அதாவது 95 சதவீதம். பொதுவாக ஏற்கப்படும் வரம்பு 10 சதவீதம் கூடுதல் அல்லது குறைவு, அதாவது 360 முதல் 440 வரை. ஃபேனைத் தொடவே வேண்டாம்.

பத்து டிஃப்யூசர், மூன்று சுற்று, மொத்தம் 30 அளவீடு. ஏணி நகர்த்த, ஃபால்ஸ் சீலிங் டைலைத் தூக்க, டேம்பரைத் திருப்ப, அளக்கும் ஹூட்டைப் பிடிக்க ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். இரண்டு பேரின் அரை நாள் வேலை.

கருவிக் கணக்கு

கையில் இருப்பவை: டிஃப்யூசர் மேல் கவிழ்த்துப் பிடிக்க 2 அடிக்கு 2 அடி ஃப்ளோ ஹூட், கிரில்லுக்கு அனிமோமீட்டர், ஃபேன் சுற்றுக்கு டாகோமீட்டர், மோட்டார் ஆம்பியருக்கு கிளாம்ப் மீட்டர், டக்ட்டுக்கு பிட்டோ குழாயும் மேனோமீட்டரும். ஆன்ரி பிட்டோ 1732-இல் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளந்த குழாயின் தத்துவம்தான் இது.

2 அடிக்கு 2 அடி டக்ட்டில் திசைவேக அழுத்தம் 0.0625 அங்குல நீர்மட்டம்; ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதன் வர்க்கமூலம் 0.25, 4,005-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 1,001 அடி, 4 சதுர அடிக்கு 4,004 சி.எஃப்.எம். செவ்வக டக்ட்டில் குறைந்தது 25 புள்ளிகளில் அளக்க வேண்டும். அழுத்தங்களைச் சராசரி எடுக்கக் கூடாது; ஒவ்வொன்றையும் வேகமாக மாற்றியபின்தான் சராசரி. 0.04, 0.16 என்ற இரு புள்ளிகளில் இந்த வரிசை மாறினாலே விடை 5 சதவீதம் கூடிவிடும்.

டக்ட்டில் 4,400, டிஃப்யூசர்களில் 4,000 என்று வந்தால் 400 சி.எஃப்.எம். வழியில் கசிகிறது. ஒரு டன் ஏ.சி.யின் காற்று ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகிறது என்று பொருள்.

உயிர்க் கணக்கு: அறுவை அரங்கு

20 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி: 4,000 கன அடி. மணிக்கு 20 காற்று மாற்றம் என்ற விதிப்படி 1,333 சி.எஃப்.எம். வேண்டும், அதில் 4 மாற்றம், அதாவது 267 சி.எஃப்.எம்., வெளிக்காற்று. வெளித் தாழ்வாரத்தைவிட அரங்கில் 2.5 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் கதவிடுக்கு வழியே காற்று வெளியே போகும், உள்ளே வராது.

காற்றில் மிதக்கும் கிருமித் துகள்களில் 99 சதவீதம் வெளியேற, 20 மாற்றத்தில் 14 நிமிடம், 12 மாற்றத்தில் 23 நிமிடம், 6 மாற்றத்தில் 46 நிமிடம் ஆகும். ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலும் அறை குளிர்ந்தே இருக்கலாம். உடலுக்குத் தெரியாத இந்தக் குறையை மீட்டர் மட்டுமே சொல்லும்.

இருப்பு

புதுக் கட்டடங்களில் பேலன்சிங் கடைசி வேலை. முந்தைய வேலைகளின் தாமதம் அத்தனையும் இந்த அரை நாளிலிருந்துதான் கழிக்கப்படுகிறது; சீலிங் மூடி, திறப்பு விழாத் தேதி குறித்தபின் டெக்னீஷியனைக் கூப்பிடுகிறார்கள். கட்டடத்தின் உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் பேலன்சிங்குக்குத் தனி வரியும் தனி நாளும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு டிஃப்யூசருக்கும் வடிவமைப்பு அளவு, அளந்த அளவு, சதவீதம் எழுதிய அறிக்கை கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். டேம்பர் நின்ற இடத்தை கைப்பிடியில் பெயின்டால் குறித்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு யாரோ தெரியாமல் திருப்பினாலும், அந்தக் குறி இருந்தால் முழு வேலையையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை.