திரைக்குப் பின்னால் ஒரு கிட்டார்

லண்டன், 1965. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்த அமெரிக்க இளைஞர் தன்னைச் சுற்றித் தடுப்புகள் வைக்கச் சொன்னார். பாடும்போது யாரும் தன்னைப் பார்க்கக் கூடாதாம். வைத்தார்கள். மறைவிலிருந்து குரலும் கிட்டாரும் மட்டும் வந்தன. மூன்று மணி நேரத்துக்குள் பத்துப் பாடல்களும் முடிந்துவிட்டன.

பாடியவர் ஜாக்சன் சி. ஃபிராங்க். தயாரித்தவர் பாடகர் பால் சைமன். பாடகரின் பெயரையே தலைப்பாக வைத்துக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அந்த எல்.பி. இசைத்தட்டு அன்று பெரிதாக விற்கவில்லை. அதனாலேயே அதன் முதல் பதிப்பு இன்று ரெக்கார்ட் சேகரிப்பவர்கள் தேடி அலையும் பொருளாகிவிட்டது. ஃபிராங்க் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே எல்.பி.யும் அதுதான்.

அந்தத் தட்டின் கதை ஒரு தீ விபத்தில் தொடங்குகிறது. 1954 மார்ச் 31. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை ஒட்டிய சீக்டோவாகாவில், கிளீவ்லேண்ட் ஹில் பள்ளியின் மரக் கட்டடத்தில் இசை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 15 குழந்தைகள் இறந்தனர். பிழைத்தவர்களில் ஒருவன், உடம்பில் பாதி வெந்துபோன 11 வயது ஜாக்சன். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவனுக்கு ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த கிட்டார் துணையானது. 21 வயதானதும் இழப்பீடாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ‘குயின் எலிசபெத்’ கப்பலிலேயே எழுதியதுதான் தட்டின் முதல் பாடல், ‘ப்ளூஸ் ரன் த கேம்’.

ஊர் மாறினாலும் துயரம் கூடவே வரும் என்பதுதான் பாடலின் சாரம். டிரம்ஸ் கிடையாது, பக்கவாத்தியக் கூட்டம் கிடையாது. கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளில் நடைபோட, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பின்னுகின்றன. ‘யெல்லோ வால்ஸ்’ பாடலில் மட்டும் பாடகர் அல் ஸ்டூவர்ட் இன்னொரு கிட்டார் வாசித்தார். ப்ளூஸ் என்றதும் நினைவுக்கு வரும் கதறல் இங்கே இல்லை. நாட்டுப்பாடலின் அமைதிக்குள் ப்ளூஸின் வலி அடங்கி ஒலிக்கிறது.

தட்டு விற்காவிட்டாலும் பாடல்கள் ஊர் சுற்றின. சைமன்–கார்ஃபங்கல் இரட்டையர் ‘ப்ளூஸ் ரன் த கேம்’ பாடலைப் பதிவு செய்தார்கள். பாடகர் நிக் டிரேக் வீட்டில் உட்கார்ந்து பாடிய பதிவுகளிலும் அது உண்டு. பாடகி சாண்டி டென்னி ஃபிராங்கின் வேறு பாடல்களைப் பாடினார்.

பாடியவருக்கோ வாழ்க்கை கைகொடுக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தார், மனநோய் அலைக்கழித்தது. 1984இல் பால் சைமனைத் தேடி நியூயார்க் நகரத்துக்குப் போனவர், தெருவில் படுத்துறங்க வேண்டியதாயிற்று. பின்னர் யாரோ சுட்ட சிறு துப்பாக்கியின் ரவை பட்டு இடது கண் பார்வையும் போனது. 1990களில் ஜிம் அபட் என்ற ரசிகர் தேடிக் கண்டுபிடித்து ஆதரவு தந்தார். 1999 மார்ச் 3 அன்று, 56 வயதில், ஃபிராங்க் இறந்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து ‘ஜோக்கர்’ படத்தில் அவருடைய ‘மை நேம் இஸ் கார்னிவல்’ ஒலித்தது. உலகமே அந்தக் குரலைக் கேட்டது. பாடியவரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று அந்தக் கூடத்தில் அவர் கேட்டது, அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது.