ரோந்துக்கும் ரேஷன் கடைக்கும் ஒரே சைக்கிள்! தெரியுமா உங்களுக்கு?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மவுன்டன் சைக்கிளின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் தெரியுமா? சுமார் ஐயாயிரம்! திரும்பி வர இன்னொரு ஐயாயிரம்! இரவு ரோந்து போகும் காவலர், தோப்புக் காவலுக்குப் போகும் விவசாயி, மில்லில் ஷிப்டு பிடிக்க ஓடும் தொழிலாளி, டியூஷனுக்குப் பறக்கும் மாணவி... யார் மிதித்தாலும் வண்டி தாங்க வேண்டுமே! எந்த வண்டி தாங்கும்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

காவல் என்றாலே ராஜபாளையம்!

தபால் தலையில் இடம்பிடித்த காவல் நாய் எது தெரியுமா? நம்ம ராஜபாளையம் நாய்தான்! 2005-ல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால் தலையே வெளியிட்டது! தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11ஆம் அணி இருப்பதும் இதே ஊரில்தான்! பக்கத்து ஊர் மட்டும் சளைத்ததா? ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் 51ஆவது, தமிழகத்தின் 5ஆவது புலிகள் காப்பகம்! பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்! சாம்பல் நிற அணிலுக்காக 1988-லேயே சரணாலயம் கண்ட மலை அது! ரோந்து என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மண் உண்டா?

நெரிசலை வென்ற சைக்கிள் போலீஸ்!

மவுன்டன் சைக்கிளில் போலீஸ் ரோந்து எங்கே சூடுபிடித்தது தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1987-ல்! பஸ் சுரங்கப்பாதை தோண்டும் வேலையால் நகரின் நடுப்பகுதி திணறியது. ரோந்து கார் நகரவே முடியவில்லை! பால் கிரேடி, மைக் மில்லர் என்ற இரண்டே காவலர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். சத்தமே இல்லாமல் வந்து நிற்கும் போலீஸைத் திருடர்கள் எதிர்பார்ப்பார்களா? இன்று உலகெங்கும் எத்தனையோ நகரங்களில் சைக்கிள் காவலர்கள்!

41 நாள், 1,900 மைல்!

அதற்கும் 90 வருடம் முன்னால் நடந்ததைக் கேளுங்கள்! 1897-ல் அமெரிக்க ராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள் மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சைக்கிளிலேயே போனார்கள். 1,900 மைல்! அதாவது 3,000 கிலோமீட்டருக்கு மேல்! மலை, மணல், சேறு, மழை... 41 நாளில் போய்ச் சேர்ந்தார்கள்! கியரா? அந்தக் காலத்து வண்டியில் ஏது கியர்!

ஒரே கியர், 80 வருட உழைப்பு!

சுவிட்சர்லாந்து ஒரு மலைநாடு. அந்நாட்டு ராணுவ சைக்கிளுக்கு எத்தனை கியர் இருந்திருக்கும்? பத்தா? இருபதா? ஒன்றே ஒன்று! 1905-ல் வந்த மாடல், 1980களின் கடைசி வரை பெரிதாக மாறாமல் தயாரானது! எடை 20 கிலோவுக்கு மேல்! தயாரான வண்டிகள் 60,000-க்கும் அதிகம்! உழைப்புக்கும் கியர் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கிரீஸையே ஆவியாக்கிய இறக்கம்!

மவுன்டன் சைக்கிள் எப்படிப் பிறந்தது தெரியுமா? கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் 1930, 40களின் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, அங்கிருந்து இறக்கி விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம்! சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம்! பின் சக்கர பிரேக் கொதித்து உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிவிடும்! ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஹப்பைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும்! இருபதே வருடத்தில், 1996 அட்லாண்டாவில், அந்த விளையாட்டு ஒலிம்பிக்குக்கே போய்விட்டது!

சுனாமிக் கரையில் முளைத்த யோசனை!

ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஓடும் 'பஃபலோ' சைக்கிளைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதன் கதை எங்கே தொடங்கியது தெரியுமா? பக்கத்து இலங்கையில்! 2004 சுனாமிக்குப் பிறகு 2005-ல் தொடங்கிய வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் அமைப்பு, முதல் வேலையாக அங்கே 24,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது! அந்த அனுபவத்தோடு ஆப்பிரிக்கா போய் உருவாக்கியதுதான் பஃபலோ. எடை 20 கிலோவுக்கு மேல், கேரியரில் 100 கிலோ ஏற்றலாம்! முக்கிய நிபந்தனை என்ன தெரியுமா? கிராமத்து மெக்கானிக்கே பழுது பார்க்கும்படி இருக்க வேண்டும்! இந்த ஒரு வரியை மனதில் வையுங்கள். இனி வரும் ஆச்சரியங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்!

ஒரு சக்கரத்துக்குள் மூன்றரை டன்!

சைக்கிள் சக்கரத்தின் ஒரு ஸ்போக்ஸ் கம்பி எவ்வளவு இழுவையில் இருக்கிறது தெரியுமா? நன்றாக முறுக்கிய கம்பி ஏறக்குறைய 100 கிலோ விசையில் இழுபட்டு நிற்கும்! தடிமன் வெறும் 2 மில்லிமீட்டர்! 36 கம்பிக்கும் கூட்டிப் பாருங்கள். 3,600 கிலோ! மூன்றரை டன்னுக்கு மேல்!

இன்னொரு அதிசயம்! கம்பி பெரும்பாலும் இறுக்கத்தால் உடைவதில்லை, தளர்ச்சியால் உடைகிறது! தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் விட்டு விட்டு இழுபட்டு ஒருநாள் 'டக்'கென்று போய்விடும்!

கடையில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். வீணைத் தந்தி போல் சுருதி சொல்லும்! ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தால் சபாஷ்! நடுவில் ஒன்று 'தொப்'பென்று ஒலித்தால், அங்கேயே கோட்டம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்! ரோந்துக்கு 36 கம்பிச் சக்கரம் கிடைத்தால் விடாதீர்கள். 32-ம் நல்லதே!

26-ம் 26-ம் ஒன்றல்ல!

26 இன்ச் டயர் வாங்கி வந்தால் எல்லா 26 இன்ச் ரிம்மிலும் ஏறிவிடாது! நம்புவீர்களா? லேடீஸ் சைக்கிளின் 26 x 1⅜ டயருக்கு ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். மவுன்டன் சைக்கிளின் 26 x 2.1 டயருக்கு 559! முப்பத்தொரு மில்லிமீட்டர் வித்தியாசம்! அதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? 29 இன்ச் என்று விற்கும் மவுன்டன் சைக்கிளுக்கும், 700சி என்று விற்கும் ரேஸ் சைக்கிளுக்கும் ரிம் ஒரே 622!

டயர் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். 50-559 என்பது போல ஒரு எண் புடைத்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் அளவு. இந்த எண்ணைச் சொல்லி, "இந்த டயரும் டியூபும் நம்ம ஊர்லயே கிடைக்குமாண்ணே?" என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் மட்டும் வண்டியை எடுங்கள்!

பஞ்சருக்கு வெளிநாட்டு விருந்தாளி!

கண்மாய்க் கரையில் டயரைக் குத்தும் சீமைக் கருவேல முள் எங்கிருந்து வந்தது தெரியுமா? கடல் கடந்து! மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம் அது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது! கூடவே நம்ம நெருஞ்சி வேறு! முள் காட்டுக்கு மருந்து என்ன? கனமான டியூப், டயருக்குள் ஒரு பட்டை லைனர், டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட்! சின்ன முள் துளையைச் சீலன்ட் உள்ளேயிருந்தே அடைத்துவிடும்! முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிதித்துக்கொண்டே போகலாம்!

கரிசல் மண்ணுக்குப் பயந்த பிரேக்!

ஐப்பசி மழையில் கரிசல் காட்டுப் பாதையில் சைக்கிள் விட்டதுண்டா? நாலு சுற்றில் மண் அப்பி, சக்கரமே நின்றுவிடும்! டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்! பிரேக் கட்டையில் மண் ஒட்டினால் அது ரிம்மையே அரமாக ராவும்! டிஸ்க் பிரேக் நடுவில், ஹப் பக்கத்தில் இருப்பதால் சேற்றுக்குத் தப்பிக்கும். கம்பிக் கேபிள் டிஸ்க் போதும். கேபிள் அறுந்தால் எந்த சைக்கிள் கடையிலும் மாற்றலாமே! எண்ணெய் டிஸ்க் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதற்குத் தனி எண்ணெயும் பழகிய கையும் வேண்டும்!

21 கியர், ஆனால் 21 இல்லை!

"21 கியர் அண்ணே!" என்று கடையில் அசத்துவார்களே, கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா? முன்னால் 42 பல், பின்னால் 28 பல். வகுத்தால் 1.5. முன்னால் 24, பின்னால் 16. வகுத்தால் அதே 1.5! இரண்டு கியர், ஒரே வேகம்! இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை ஏராளம்! கடைசி எல்லைகள்தான் முக்கியம். இந்த வகை 26 இன்ச் வண்டி, லேசான கியரில் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 1.75 மீட்டர் நகரும். கனமான கியரில் 6 மீட்டருக்கு மேல் பாயும்! மலையடிவாரத்து ஏற்றத்துக்கு முன்னது, நெடுஞ்சாலைக்குப் பின்னது!

செயின் நீளும்! அரை நூல் போதும்!

கியர் கூடக் கூட செயின் ஒல்லியாகும், தெரியுமா? பின்னால் 7 பல்சக்கரம் உள்ள வண்டியின் செயின் அகலம் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 12 உள்ளதற்கு ஐந்தேகால்தான்! இரவு பகலாக ஓடும் வண்டிக்கு எது நல்லது, நீங்களே சொல்லுங்கள்!

செயினின் ஆயுளை அறிய மெஷின் வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும்! ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால், புதுச் செயினில் 12ஆவது அங்குலத்தில் சரியாக இன்னொரு பின் வந்து நிற்கும். அது அரை நூல் தள்ளி நின்றால் புதுச் செயினுக்கு நேரம் வந்துவிட்டது! ஒரு நூலே தள்ளிவிட்டதா? பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும்! சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்!

அச்சு ஏன் வளைகிறது?

பின் சக்கர அச்சு அடிக்கடி வளைகிறதா? காரணம் ஃப்ரீவீலாக இருக்கலாம்! 7 கியர் ஃப்ரீவீல் திருகிய ஹப்பில் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். வெளியே நீளும் அச்சுதான் பாரம் முழுவதையும் தாங்கும்! கேசட் வகை ஹப்பில் பேரிங் ஓரத்துக்கே வந்துவிடும், அச்சு பிழைக்கும்! கனத்த ஆள், கேரியர் சுமை, குண்டும் குழியும் என்றால் கேசட்டைக் கேட்டு வாங்குங்கள்!

மறக்காத அலுமினியம்!

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான்! ஆனால் ஒரு ரகசியம் தெரியுமா? ஓர் அளவுக்குக் கீழே உள்ள அதிர்வை ஸ்டீல் எத்தனை லட்சம் முறை வேண்டுமானாலும் தாங்கும்! அலுமினியமோ ஒவ்வொரு அடியையும் கணக்கில் வைத்துக்கொள்ளும்! ஸ்டீல் ஃப்ரேம் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறையில் பற்றவைக்கலாம், அலுமினியத்துக்கு அது எளிதல்ல! குரோமோலி ஸ்டீல் கிடைத்தால் யோகம். அலுமினியம் என்றால் வெல்டு ஓரங்களை மாதம் ஒருமுறை துடைத்து, விரிசல் உண்டா என்று பாருங்கள்!

ஒரு லட்சம் மிதி!

ஐஎஸ்ஓ 4210 என்ற உலகத் தரச் சோதனையில் மவுன்டன் சைக்கிள் ஃப்ரேமை எப்படி வதைக்கிறார்கள் தெரியுமா? 120 கிலோ ஆள் ஏறி நிற்பதற்குச் சமமான விசையில் 1,00,000 முறை மிதிக்கிறார்கள்! விரிசல் விடக் கூடாது! வாங்கும்போது இந்தத் தர எண்ணைக் கேளுங்கள்!

விமானத்துக்கு முன்னால் பெடல்!

இடது பெடலைக் கழற்றப் போய்த் திணறியிருக்கிறீர்களா? அதன் மறை எதிர்த்திசை! மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்கத்தான்! இந்த ஏற்பாட்டைத் தங்கள் சைக்கிளில் 1900-லேயே விளம்பரப்படுத்தியவர்கள் யார் தெரியுமா? ரைட் சகோதரர்கள்! மூன்று வருடம் கழித்து விமானத்தையே பறக்கவிட்ட அதே இருவர்!

பெட்ரோல் பங்கில் சைக்கிளுக்குக் காற்று!

பழைய சைக்கிளுக்கு வால்டியூப். மவுன்டன் சைக்கிள்கள் பலவற்றுக்குக் கார், பைக்குக்கு உள்ள அதே வால்வு! இரவு ரோந்தில் காற்று இறங்கினாலும் பங்கில் நிறுத்தி அடித்துக்கொள்ளலாம்! அளவு மட்டும் கவனம்! டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டவே கூடாது!

டபுள் சாக் மயக்கம்!

பின்னாலும் ஸ்பிரிங் வைத்த வண்டி கண்ணைப் பறிக்கும். ஆனால் மலிவு வண்டியில் அந்த ஸ்பிரிங் உங்கள் மிதியையே கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும், தெரியுமா? மூட்டுகளின் புஷ் தேய்ந்தால் ஆட்டம் வேறு! கேரியர் மாட்டவும் இடம் இருக்காது! முன்னால் மட்டும் சாக், அதைப் பூட்டி வைக்கும் லாக் வசதி... தினசரி ஓட்டத்துக்கு இது போதும்!

பெண்கள் கேட்ட 'ஜென்ட்ஸ்' வண்டி!

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள்! அவர்களில் பலர் ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள்! ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! தனக்கு என்ன வேலை என்று தெரிந்தவர் தேர்ந்தெடுக்கும் அழகு அது!

காட்டுக்குள் விடலாமா?

கூடவே கூடாது! மலை சைக்கிள் வாங்கிவிட்டோம் என்று செண்பகத்தோப்புப் பக்கம் காட்டுக்குள் இறங்கிவிட முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம்! உள்ளே காவல் காப்பது வேட்டைத் தடுப்புக் காவலர்களின் வேலை. நமக்கு அடிவாரத்துச் சாலைகளே தாராளம்!

டிஜிபியே மிதித்தார்!

2021 முதல் 2023 வரை தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு, நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பதில் பெயர்பெற்றவர்! மாநிலக் காவல்துறையின் உச்ச அதிகாரியே மிதித்தபோது நமக்கென்ன தயக்கம்?

வாங்கும் முன் ஐந்து கேள்வி!

டயர் நம்ம ஊரில் கிடைக்குமா? கம்பிகள் ஒரே சுருதியா? சேறு விழ இடைவெளி உண்டா? கேரியர், மட்கார்டு மாட்டத் துளை உண்டா? உங்கள் தெரு மெக்கானிக் இதைக் கழற்றி மாட்டுவாரா? ஐந்துக்கும் 'ஆமாம்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்! ஆனால் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று வந்தால், எத்தனை கியர் இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்! பணம் கட்டும் முன் அந்த மெக்கானிக்கையே கடைக்கு அழைத்துப் போங்களேன்!