தகவற்காப்புக் கல்வியும் தமிழும்: தாயில்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள தாயில்பட்டி, பட்டாசுத் தொழிலாலும் தீப்பெட்டித் தொழிலாலும் வாழும் ஊராகும். கூலியும் உதவித்தொகையும் வங்கிக் கணக்கிற்கு வருதலும், நியாயவிலைக் கடையில் விரல்ரேகை வைத்துப் பொருள் பெறுதலும், கைப்பேசி வழியே பணம் அனுப்புதலும் இத்தகைய ஊர்களிலும் இன்று நாள்வழக்காகிவிட்டன. இவ்வழக்கினைக் காக்கும் அறிவோ பல்கலைக்கழகங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. அவ்வறிவின் இயல்பு யாது, அஃது ஊர்மக்களைச் சென்றடைவதில் தமிழ்த்துறைக்குரிய பங்கு யாது என்னும் இரண்டனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1. துறையின் பொருள்

தகவற்காப்பு என்பது தகவலை மறைத்து வைத்தல் மட்டுமே எனப் பலர் கருதுவர். அது முழுமையான கருத்தன்று. மறைவு, மாறாமை, கிட்டுமை என்னும் மூன்றும் சேர்ந்ததே காப்பு என்பது இத்துறையார் கொள்கை. உரியவரன்றிப் பிறர் அறியாதிருத்தல் மறைவு. உரியவர் அறியாமல் திருத்தப்படாதிருத்தல் மாறாமை. வேண்டியபோது உரியவருக்குக் கிடைத்தல் கிட்டுமை. நியாயவிலைக் கடையின் கருவி இணைப்பின்றி நின்றுவிடின், திருட்டு ஏதும் நிகழாவிடினும் அன்றைய அரிசி கிட்டாது போகலாம். அதுவும் காப்பில் நேர்ந்த குறையே என்க.

இவற்றுள் மாறாமை என்பது தமிழாய்வாளருக்குப் புதியதன்று. ஏடெழுதுவோர் பிழையாலும் இடைச்செருகலாலும் நூல்கள் திரிந்தமையை நாம் அறிவோம். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைத் துணிந்தார். இன்றைய கணினி அறிஞர் ஒரு கோப்பின் எழுத்துக்கள் அனைத்திலிருந்தும் கணக்கிட்டு ஒரு சுருக்க எண்ணைப் பெறுகின்றனர். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அச்சுருக்க எண் வேறாகிவிடும். எனவே இரண்டு சுருக்க எண்களை ஒப்பிட்டாலே திரிபு நேர்ந்தமை புலப்படும். ஆயின், எப்பாடம் மூலமானது என்பதனை அவ்வெண் கூறாது. அதனைத் துணிதற்கு இன்றும் பதிப்பாசிரியனே வேண்டும்.

2. தோற்றமும் வளர்ச்சியும்

போர்த்துறையிலும் அயலுறவுத் துறையிலும் மறைபொருளாக இருந்த இவ்வறிவு, 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் பொதுத் திறவுகோல் முறையை வெளியிட்ட பின்னர்ப் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாக விரிந்தது. இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் 1990-இல் தகவற்காப்பு ஆய்வுக்குழு அமைந்தது. 1992-இல் அங்கே முதுகலைப் படிப்புத் தொடங்கப்பட்டது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கணினி இடர்களை எதிர்கொள்ளும் நடுவண் அமைப்பாகிய செர்ட்-இன் 2004 முதல் இயங்குகின்றது. தமிழ்நாட்டில், மின்வழிப் பரிமாற்றக் காப்பு ஆய்வுக்கென 'செட்ஸ்' என்னும் நிறுவனம் 2002-இல் சென்னையில் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகம் சைபர் தடயவியலையும் தகவற்காப்பையும் இணைத்து முதுகலைப் படிப்பாக வகுத்தது. தென்பாண்டி நாட்டின் பங்கும் சிறிதன்று. 'மனோன்மணீயம்' இயற்றிய சுந்தரனாரின் பெயர் தாங்கி 1990-இல் நெல்லையில் எழுந்த பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பேராசிரியராக இருந்த கா. ஜெய்சங்கர், 2007-இல் சைபர் குற்றவியலுக்கெனப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். கணினிக் குற்றம் கருவியைப் பற்றியது மட்டுமன்று, மாந்தர் ஒழுகலாற்றைப் பற்றியதுமாகும் என்பது இம்முயற்சியால் வலியுறுத்தப்பட்டது.

3. குழூஉக்குறியும் திறவுகோலும்

பவணந்தியார் நன்னூலில் தகுதி வழக்கை மூன்றாக வகுத்து, அவற்றுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றலும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றலும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுக்கள். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்கப் பேசுதலே இதன் பயன். எனினும் குழூஉக்குறிக்கு ஒரு குறையுண்டு. பிறன் ஒருவன் அதன் பொருளை ஒருமுறை அறிந்துவிடின் அக்குறி பயனற்றதாகும்.

இக்குறையை நீக்கும் நெறியை 1883-இல் கெர்க்கோஃப்ஸ் என்பவர் எடுத்துரைத்தார். மறைக்கும் முறை பகைவர் கைப்பட்டாலும் கேடு விளையலாகாது. திறவுகோலின் மறைவிலேயே காப்பு நிற்றல் வேண்டும் என்பதே அந்நெறி. பூட்டின் அமைப்பை ஊரறிந்தாலும் சாவி தன் கையில் உள்ளவரை வீட்டுக்காரனுக்குக் கவலையில்லை. சாவி போயின் வேறு பூட்டு மாட்டலாம். இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. கடவுச்சொல் வெளிப்பட்டால் அதனை மாற்றலாம். விரல்ரேகையை மாற்றுதல் இயலாது. ஆதலின் ரேகைப் பதிவுகளைத் திரட்டி வைத்திருப்போரின் பொறுப்பு, பிற தகவல்களை வைத்திருப்போரின் பொறுப்பினும் பெரிதாகும்.

4. பட்டாசு ஆலை காட்டும் நெறி

தாயில்பட்டி வட்டாரத்தார்க்கு இத்துறையின் அடிப்படையை விளக்க வெளியூர் உவமை வேண்டா. பட்டாசு ஆலையில் அறைகள் ஒன்றினின்று ஒன்று விலகி நிற்கும். மருந்து கலக்கும் அறை வேறு, திரி செருகும் அறை வேறு, முடிந்த சரக்கை வைக்கும் கிடங்கு வேறு. ஓர் அறைக்கு இத்துணைப் பேர், இத்துணை மருந்து என்னும் வரம்பும் உண்டு. ஓர் அறையில் தீப்பற்றினும் அஃது அடுத்த அறைக்குத் தாவாமையே இவ்வமைப்பின் நோக்கம். விபத்தே நேராது என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்ததன்று இவ்வமைப்பு. நேர்ந்தால் சேதம் சுருங்க வேண்டும் என்னும் முன்னறிவின்மேல் எழுந்தது.

கணினி வலையமைப்பைப் பகுத்துப் பிரித்தலும் இதுவே. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாக வலையிலிருந்த கணினியொன்றில் தீநிரல் புகுந்தமையை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அவ்வலை முதன்மையான உள்வலையினின்று பிரிக்கப்பட்டிருந்தமையால் ஆலையின் இயக்க அமைப்புக்கள் பாதிக்கப்படவில்லை என்றும் அது தெரிவித்தது.

மற்றோர் ஒப்புமையும் உண்டு. உரிமம் பெற்றவர் தம் ஆலையின் அறைகளைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடும் வழக்கம் இவ்வட்டாரத்தில் கண்டிக்கப்பட்டு வருகின்றது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த வெடிவிபத்தை ஒட்டியும் இக்குறை பேசப்பட்டது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, வேலை வேறொருவர் கையில் நடக்குமாயின் வரம்புகள் ஏட்டளவில் நின்றுவிடும். சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கையும் கைப்பேசி எண்ணையும் பிறர் ஆளக் கொடுப்பவன் செயலும் இத்தகையதே. மோசடிப் பணம் அவன் கணக்கின் வழியே செல்லும். விசாரணை அவன் வாயிலுக்கே வரும்.

5. மொழியின் பங்கு

இனி, தமிழ்த்துறைக்குரிய பொருளுக்கு வருவோம். 'ஓடிபி' என்னும் குறுக்கம் சிற்றூர்களிலும் வழங்குகின்றது. ஆயின் அதனை வழங்குவோருள் பலருக்கு அது வெறும் ஆறிலக்க எண்ணாகவே தோன்றுகின்றது. 'எண்ணைச் சொல்லுங்கள்' எனத் தொலைபேசியில் ஒருவன் கேட்கும்போது அதிற் கேடு இருப்பதாக அவர்கள் ஐயுறுவதில்லை. 'ஒருமுறைச் சாவி' என்று அதற்குப் பெயர் வழங்கியிருப்பின், சாவியைக் கேட்கும் அயலானிடம் ஐயம் தோன்றியிருக்கும். சொல் பொருளை உணர்த்தாவிடின் எச்சரிக்கையும் உணர்த்தாது என்பது இதனாற் பெறப்படும்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்னும் தொடரின் வலிமையும் அதன் புரியாமையிலேயே உள்ளது. காணொளியில் காவலர் உடையுடன் தோன்றி ஒருவரை வீட்டிலேயே சிறைவைக்கும் முறை இந்தியச் சட்டத்தில் இல்லை. அத்தொடரைத் 'தொலைபேசிக் கைது' எனத் தமிழிற் சொல்லிப் பார்ப்பின் அதன் பொய்ம்மை உடனே வெளிப்படும். பணத்தை இழந்தோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுமுன் தடுத்தற்கு முதற்சில மணி நேரமே வாய்ப்பாகும். இச்செய்தியும் தமிழில் எளிமையாகச் சொல்லப்படல் வேண்டும்.

நச்சுநிரல், கடவுச்சொல், மறையாக்கம் முதலிய கலைச்சொற்கள் நூல்களில் நிலைபெற்றுவிட்டன. அவற்றுள் எவை மக்கள் வாயிலும் புழங்குகின்றன, எவை அகராதியோடு நின்றுவிட்டன என்பதனைக் கள ஆய்வால் அறிதல் வேண்டும். அவ்வாய்வு தமிழ்த்துறையின் கடமை.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தகவற்காப்பு கணிதத்தையும் சட்டத்தையும் மாந்தர் ஒழுகலாற்றையும் ஒருங்கே தழுவிய துறை என்பதும், அதன் அடிப்படைகள் நம் இலக்கண மரபிலும் தொழில் மரபிலும் அறியப்பட்டனவே என்பதும் விளங்கும். கணினித்துறையும் தமிழ்த்துறையும் கூடி, இக்கல்வியைத் தமிழில் ஒரு விருப்பப் பாடமாக வகுக்கலாம். அப்பாடத்தைக் கற்கும் மாணவர் தத்தம் ஊர்களில் மக்களுக்கு விளக்கவும் கூடும். ஆலையில் மருந்தின் இயல்பறிந்து கையாளும் தாயில்பட்டித் தொழிலாளர்க்குக் கைப்பேசியின் இயல்பைக் கற்பித்தல் அரிதன்று. அவர்தம் மொழியிலும் அவர்தம் தொழிலினின்று எடுத்த உவமைகளாலும் கற்பித்தலே வேண்டுவது.