பாலைப்பழக் காலத்துக் கரடிகள்

அலாஸ்காவின் மக்நீல் ஆற்று அருவியில், முட்டையிடுவதற்காக நீரை எதிர்த்து ஏறும் சால்மன் மீன்களைப் பிடிக்க ஒரே நேரத்தில் 70-க்கும் மேற்பட்ட பழுப்புக் கரடிகள் கூடியது பதிவாகியிருக்கிறது. தனித்தே திரியும் விலங்கு அப்படிக் கூடுவதற்குக் காரணம், ஒரு பருவத்தில் ஓரிடத்தில் குவிகிற உணவு. பனிக்காலம் முழுக்க உண்ணாமல் கிடக்கப் போகும் கரடிக்கு அந்தச் சில வாரக் கொழுப்புத்தான் உயிர். இலங்கையில் சால்மனும் இல்லை, பனிக்காலமும் இல்லை. ஆனாலும் நமது மாவட்டத்தின் தென்கோடியில், பொத்துவிலையும் பாணமையையும் தாண்டி உகந்தையில் தொடங்கும் குமண தேசிய பூங்காவில், சிறிய அளவில் அதே கணக்குத்தான் நடக்கிறது. இங்கே மீனுக்குப் பதில் பாலைப்பழம். உதட்டில் பால் ஒட்டாதிருக்க எண்ணெய் தடவிக்கொண்டு நாம் தின்னும் அதே மஞ்சள் பழத்துக்காக, ஜூன், ஜூலை வெயிலில் கரடி மரமேறுகிறது.

மற்ற மாதங்களில் இந்தக் கரடி கண்ணில் படுவது அரிது. அதன் அன்றாடச் சோறு கறையான். மேல்தாடையின் நடுவில் இரண்டு வெட்டுப்பற்கள் இல்லை; மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ள முடியும்; நீண்ட உதட்டைக் குவித்துப் புற்றை உறிஞ்சினால் அந்தச் சத்தம் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். புற்றுகள் காடெங்கும் சிதறிக் கிடப்பதால் கரடியும் தனித்தனியே, பெரும்பாலும் இருட்டில், அவற்றைத் தேடி அலைகிறது. பாலை காய்க்கும்போதுதான் உணவு ஒரு மரத்தில் திரள்கிறது, கரடியும் பகலில் வெளிப்படுகிறது. தின்ற பழத்தின் விதை எச்சத்தோடு வேறிடத்தில் விழுகிறது. அலாஸ்காவில் கரடி இழுத்துப் போட்ட மீனின் மிச்சம் ஆற்றங்கரை மரங்களுக்கு நைதரசனாகிறது. இங்கே கரடி அடுத்த மரத்தையே நடுகிறது. இலங்கைக் காடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 500 முதல் 1,000 கரடிகள்தான் இருக்கும் என்பது மதிப்பீடு.

கரடி எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் ஆட்களும் அங்கே வருவார்கள். அந்த ஆட்களை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யால பூங்காவின் முதலாம் பிரிவில் ஒரு சிறுத்தை தென்பட்டால் ஜீப்புகள் வரிசைகட்டி வழியடைத்து நிற்பது ஊரறிந்த சங்கதி. பாலை மரத்தடியில் அப்படி நின்றால் மேலே இருக்கும் கரடிக்கு இறங்க வழியில்லை. கர்நாடகத்தில் 1994-இல் அமைந்த தரோஜி கரடிச் சரணாலயத்தில் வேறொரு உபாயம்: பாறைகளில் இனிப்புக் கலவையைப் பூசிவைக்கிறார்கள், பிற்பகலில் கரடிகள் நக்க வருகின்றன, மக்கள் தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து பார்க்கிறார்கள். காட்சி உறுதி, ஆனால் அது காட்டின் பருவமல்ல, நாம் போடும் விருந்து. மக்நீலில் 1973 முதல் அனுமதிச்சீட்டு முறை இருக்கிறது. அருவிக்கு நாளுக்குப் பத்துப் பேர், குலுக்கலில் தெரிவானவர்கள், வழிகாட்டியோடு, ஒரே பாதையில், ஒரே இடத்தில். மனிதரிடமிருந்து ஒரு துண்டு உணவும் கரடிக்குக் கிடைக்காது. அந்த முறை வந்தபின் பார்வையாளர் எவரையும் கரடி காயப்படுத்தியதில்லை. பல்லாண்டுகள் அதை நடத்திய லாரி ஆமில்லர் வற்புறுத்தியது ஒன்றைத்தான்: மனிதனைக் கண்டு பழகிய கரடி வேறு, மனிதனிடம் தீனி கண்ட கரடி வேறு. முதலாவதோடு வாழலாம்.

நமது கரடி அவ்வளவு சாதுவானதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. இலங்கைக் காடுகளில் மக்கள் மிகவும் அஞ்சும் விலங்குகளில் கரடியும் ஒன்று. அதனிடம் முகம் கிழிபட்டவர்கள் காட்டோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான தாக்குதல்கள், தேனுக்கோ வேட்டைக்கோ காட்டுக்குள் நடந்தவர்கள் எதிர்பாராமல் கரடியை நெருங்கிவிட்டபோது நேர்ந்தவை. திடுக்கிட்ட கரடி ஓடுவதைவிடப் பாய்வதையே தெரிந்தெடுக்கும். ஆகவே மக்நீலைப்போல நடந்துபோய்ப் பார்ப்பது இங்கே ஆகாது. வாகனத்திலிருந்து, இயந்திரத்தை நிறுத்தி, தூரத்திலிருந்து பார்க்கவேண்டும். மக்நீலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அளவும் ஒழுங்கும். அந்த ஒழுங்கு இங்கே புதிதுமல்ல: கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உகந்தை வழியாக இதே காட்டைக் கடக்கிறார்கள். கூட்டமாக, சத்தத்தோடு, ஒரே தடத்தில் போகிறவர்கள் வருவது கரடிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

பத்துப் பேரை வைத்துப் பொத்துவில் ஜீப்காரர் எப்படிப் பிழைப்பது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். குமண முழுவதற்கும் அந்த எல்லையைப் போட்டால் பிழைக்க முடியாதுதான். பறவைகளும் யானையும் பார்க்க வருவோரை ஏன் தடுக்கவேண்டும்? பாதையோரத்தில் காய்த்து நிற்கும் சில பாலை மரங்களுக்கு மட்டும், காலை மாலை இரு வேளை, வேளைக்கு இத்தனை ஜீப் என்று வைத்து, அதற்குத் தனிக்கட்டணம் வாங்கலாம். அறுகம்பேக்கு அலைச்சறுக்கு ஆட்கள் வந்து குவியும் மாதங்களும் பாலை மாதங்களும் ஒன்றே; வாங்கும் ஆளுக்குக் குறைவில்லை. போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்த பூங்கா என்பதால், யாலவின் நெரிசல் இங்கே இன்னும் வரவில்லை. வந்தபின் ஜீப்புகளைக் குறைப்பது எந்தத் திணைக்களத்துக்கும் லேசல்ல. பிழைப்பு என்ற ஒரு சொல்லே போதும், எல்லா விதியும் தளர்ந்துவிடும்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. பாலை எல்லா ஆண்டும் ஒரேமாதிரி காய்ப்பதில்லை. காய்ப்புப் பொய்த்த ஆண்டில் கரடிச் சீட்டு விற்றுவிட்டு, வந்தவர் கரடி எங்கே என்று கேட்டால், அடுத்த ஆண்டே யாராவது மரத்தடியில் வெல்லம் பூசத் தொடங்குவார்கள். அதனால் வனஜீவராசிகள் திணைக்களம் மே மாதத்தில் மரங்களைப் பார்த்துவிட்டே சீட்டுகளைத் திறக்கவேண்டும்; காயில்லையென்றால் அந்த ஆண்டு விற்கக்கூடாது.