பெட்ரோலில் 20% எத்தனால்: மைலேஜ் போச்சா, மக்காச்சோளத்துக்கு விலை வந்துச்சா?

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி, மதுரைன்னு தினமும் பைக்கில் வேலைக்குப் போறவங்களுக்கு இ20 என்றால் மைலேஜ் பிரச்னை. அதே ஊரைச் சுற்றி மானாவாரியில் மக்காச்சோளம் போடுறவங்களுக்கு அது விளைச்சலோட விலை சம்பந்தப்பட்டது. பல வீடுகளில் ரெண்டுமே ஒரே கூரைக்குக் கீழே!

அது என்ன இ20?

80% பெட்ரோல், 20% எத்தனால். கரும்பு, அரிசி, மக்காச்சோளத்தை நொதிக்க வைத்து எடுக்கும் ஆல்கஹால்தான் எத்தனால். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு என்பதால், 2030-க்கு வைத்திருந்த இந்த இலக்கை மத்திய அரசு முன்னாடியே இழுத்து 2025-ல் எட்டிவிட்டது. இதை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது.

மைலேஜ் நிஜமாவே குறையுமா?

குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய டூவீலர்களில் 3-4%, பழைய கார்களில் 6-7% இழப்பு என 2021-லேயே நிதி ஆயோக் கணித்தது. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக்கில் மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், கூடுதல் செலவு 60 முதல் 80 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனா அதை ஈடுகட்ட வரிச் சலுகை தரலாம்னு அதே அறிக்கை சொன்னதே, அது எங்கே? எத்தனால் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டிவிட்டது, அதனால் விலை குறைக்க முடியாது என்கிறது பெட்ரோலிய அமைச்சகம்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும். பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய், கேஸ்கெட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதும் நல்லதல்ல.

விவசாயிக்கு என்ன லாபம்?

ஒரு குவிண்டால் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 38 லிட்டர் எத்தனால் கிடைக்கும். லிட்டர் 71.86 ரூபாய் என்றால் சுமார் 2,730 ரூபாய். 2025-26 குறைந்தபட்ச ஆதரவு விலையோ 2,400 ரூபாய். ஆலைகளால் நல்ல விலை கொடுக்க முடியும் என்பது புரியுது. ஆனா தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி போவது கோழித் தீவனத்துக்கு. ஆலைகளோட போட்டியில் தீவன விலை ஏறினால் நாமக்கல் பண்ணைகள் தவிக்கும், முட்டை விலை ஏறும். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024-ல் இறக்குமதி செய்தது இதனால்தான். எண்ணெய்க்குப் பதிலா தானியமா?

கரும்பில் சிக்கல் வேறு. ஒரு லிட்டர் எத்தனாலுக்குக் குறைந்தது 2,860 லிட்டர் தண்ணீர் என்கிறது நிதி ஆயோக். மழையை நம்பும் எழுமலை பக்கம் அந்தக் கணக்கே எடுபடாது. மதுரை மாவட்டத்திலேயே அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை, போதிய கரும்பு இல்லாமல் அரவை நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன.