நாமும் நாங்களும்

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் திருவிழாவுக்கு முன், அசன விருந்தைப் பற்றிப் பேசுவதற்காகப் பங்குப் பேரவையினர் கூடியிருந்தோம். பின்னலாடைத் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதி எங்களுடையது. ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க இளைஞர் பலர் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்து, கோவிலின் கடைசியில் நிற்பது வழக்கம். பெரியவர் ஒருவர், "சாமி, முதற் பந்தியில் நாங்கள் உட்கார்ந்து விடுகிறோம். இந்திக்காரப் பையன்களுக்குக் கடைசியில் தனியாகப் பரிமாறலாம்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர், ஏழைக்கு இரங்குகிறவர். எவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருவான சில ஆண்டுகளில் மேற்படிப்புக்காக உரோமைக்குச் சென்றிருந்தேன். விடுமுறையில் இத்தாலியச் சிற்றூர் ஒன்றில் திருப்பலி நிறைவேற்ற அனுப்பப்பட்டேன். அவ்வூரார் அன்பானவர்களே. ஆயினும் பல வாரங்கள் வரை நான் அவர்களுக்கு 'இந்தியர்' மட்டுமே. ஒரு மூதாட்டிதான் என் பெயரைக் கேட்டார், தவறாக உச்சரித்தார், திருத்தச் சொல்லி மீண்டும் உச்சரித்தார். அன்றுதான் அந்த ஊரில் நான் ஓர் ஆளானேன். அப்படிப்பட்ட நான், என் கோவிலின் கடைசியில் நின்ற இளைஞர்களில் ஒருவருடைய பெயரையேனும் கேட்டதில்லை!

அடுத்த ஞாயிறு அவர்களைப் பங்கு இல்லத்துக்கு அழைத்தேன். பெயர்களைக் கேட்டறிந்தபின், "உங்கள் தாய்மொழி இந்திதானே?" என்றேன். "இல்லை ஃபாதர், குருக்" என்றார் ஒராவோன் இனத்து இளைஞர் ஒருவர். விளையாட்டாகக் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். "ஃகன்" என்றார். பல்லைக் காட்டினேன். "பல்" என்றார். வாயைக் காட்டினேன். "பை" என்றார். எனக்கு வியப்புத் தாங்கவில்லை.

குருக் மொழி தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் அதைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தனர். 1885இல் சோட்டாநாகபுரியில் பணியைத் தொடங்கி, நிலத்தை இழந்து வாடிய ஆதிவாசிகளுக்காக வழக்காடத் துணைநின்றவர் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார். அவர் வழியாக அம்மக்களின் மூதாதையர் பலர் திருமறையைத் தழுவினர். 2003இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட டெலஸ்போர் டோப்போ ஆண்டகையும் ஒராவோன் இனத்தவரே. இத்தகைய மரபுடையோரை, நம் மொழிக்கே உறவுடையோரை, 'இந்திக்காரர்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவைத்தோம்.

இன்னொன்றும் அறிந்தேன். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்ந்தவர். 'நாங்கள்' என்றால் கேட்பவர் சேராதவர். இறைவனை நோக்கி மன்றாடும்போது 'எங்கள்' என்கிறோம். ஒருவரோடொருவர் பேசும்போது 'நம் ஆண்டவர்' என்கிறோம். இத்தாலியத்திலும் இந்தியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். குருக் மொழியிலோ இவ்வேறுபாடு உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. விலக்கிச் சொன்னால் 'ஏம்'.

உடனிருந்த மற்றோர் இளைஞர் முண்டா இனத்தவர். முண்டாரி திராவிட மொழி அன்று. அவர் கண்ணை 'மெத்' என்றார். அச்சொல் தமிழோடு ஒட்டவில்லை. அப்படியானால் அவர் மட்டும் அயலவரா? அக்கேள்வி என் மகிழ்ச்சியைச் சற்று அடக்கியது. சொற்கள் ஒத்திருப்பதனால் எவரும் நம்மவர் ஆவதில்லை. ஆனால் அவர் மொழியிலும் அவ்விரு சொற்களும் உண்டு: சேர்ப்பது 'அபு', விலக்குவது 'அலே'. விலக்கப்படுவது இன்னதென்பதை அவரும் தாய்மடியிலேயே கற்றிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் என் மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இவற்றை எடுத்துரைத்தேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. திருவிழாவன்று அவரே வாசலுக்குச் சென்று, "வாருங்கள் தம்பி, நாம் சாப்பிடலாம்" என்று அந்த இளைஞர்களை முதற் பந்திக்கு அழைத்துவந்தார்.

எல்லாம் மாறிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். இன்றும் சிலர் கோவிலின் கடைசியில்தான் நிற்கின்றனர். அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் தெருவிலும் தொலைவிலிருந்து வந்த ஒருவர் வாழலாம். வரும் ஞாயிறு அவருடைய பெயரைக் கேளுங்கள். தவறாக உச்சரித்தாலும் குற்றமில்லை. திருத்தச் சொல்லி மீண்டும் உச்சரியுங்கள். அதன்பின் 'நாம்' என்று சொல்லுவது கடினமாயிராது.